மீண்டும் ஏறிய பாட்டுகள்

பாட்டுக்கு முதுமை உண்டா என்று ஒருவர் என்னைக் கேட்டால், பாட்டுக்கு இல்லை, பாடியவருக்கு உண்டு என்றே விடை சொல்வேன். நான் அவ்வாறு கூறுவதன் காரணத்தை விளக்குவதற்குப் பிரிட்டன் நாட்டின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலைப் பற்றி இன்று சிறிது பேச விரும்புகிறேன்.

1952 நவம்பரில், அந்நாட்டு இசைச் செய்தித்தாள் ஒன்று, அவ்வாரத்தில் மிகுதியாக விற்ற பாட்டுத் தட்டுகளை வரிசைப்படுத்தி வெளியிட்டது. அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் நடைபெற்று வருகிறது. ஒரு பாட்டு அப்பட்டியலில் ஏறும். சில வாரம் நிற்கும். பின் இறங்கி மறையும். இதுவே இயல்பு. ஆயினும், சில பாட்டுகள் பல ஆண்டுகள் கழித்து மறுபடியும் வெளியிடப்பெற்று, இளமையில் எட்டாத உயரத்தை முதுமையில் எட்டியிருக்கின்றன.

ஜாக்கி வில்சன் என்னும் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் 1957-இல் 'ரீட் பெட்டீட்' என்ற பாட்டைப் பாடினார். துள்ளலும் குறும்பும் நிறைந்த அப்பாட்டு, பிரிட்டனில் ஆறாம் இடம் வரை சென்று இறங்கியது. 1975-இல் வில்சன் மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தார். அதன்பின் அவர் மீண்டும் பாடவே இல்லை. எட்டு ஆண்டுகளுக்கு மேல் நோயில் கிடந்து, 1984 ஜனவரியில் காலமானார். பின்னர், களிமண் பொம்மைகளை ஆடவிட்டு அப்பாட்டுக்கு ஒரு படம் எடுத்தார்கள். தொலைக்காட்சியில் அதைக் கண்டவர்கள் பாட்டைத் தேடினார்கள். தட்டு மீண்டும் வெளிவந்து, 1986 டிசம்பரில் முதலிடம் பெற்றது. பாட்டு முதன்முதல் பட்டியலில் ஏறி இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பாட்டு வென்றது, பாடியவர் அதனை அறியவில்லை.

இதற்கு அடுத்த சில வாரங்களிலேயே மற்றொரு பழம்பாட்டு எழுந்தது. பென் ஈ. கிங் 1961-இல் பாடிய 'ஸ்டாண்ட் பை மீ' அது. அன்று பிரிட்டனில் இருபத்தேழாம் இடத்தைத் தாண்டாத பாட்டு, 1986-இல் அதே பெயருடைய திரைப்படம் ஒன்றில் ஒலித்தது. பிறகு கால்சட்டை விளம்பரம் ஒன்றிலும் ஒலித்தது. 1987-இல் அது முதலிடத்தைப் பிடித்தது. கிங் 2015 வரை வாழ்ந்தார். தம் பாட்டின் இரண்டாம் வாழ்வைக் கண்ணாரக் கண்டார். வில்சனுக்குக் கிட்டாத பேறு இது.

ஆகவே, பாட்டு தானாகத் திரும்பி வருவதில்லை என்பது தெளிவு. திரைப்படமோ, விளம்பரமோ, சில வேளை பாடியவரின் மரணமோ கதவைத் திறக்கிறது. பிரெட்டி மெர்க்குரி 1991 நவம்பரில் மறைந்ததும், அவர் 1975-இல் பாடிய 'பொஹீமியன் ராப்சடி' மறுவெளியீடாகி இரண்டாம் முறையும் முதலிடம் பெற்றதை இங்கே நினைவுகூரலாம்.

பின்னாளில் கணக்கிடும் முறையும் மாறியது. கணினி வழி இறக்கிக்கொண்ட எல்லாப் பாட்டுகளையும் 2007 முதலும், இணையத்தில் கேட்கப்படும் முறைகளை 2014 முதலும் எண்ணத் தொடங்கினார்கள். பழைய தட்டை மீண்டும் அச்சிட வேண்டிய தேவை அதனால் ஒழிந்தது. ஆனால், பழம்பாட்டுகளே இடத்தை அடைத்துக்கொள்ளாதிருக்க, அவை கேட்கப்படும் எண்ணிக்கையைப் பாதியாக மதிக்கும் விதி ஒன்றும் ஏற்பட்டது. கேட் புஷ் என்ற பாடகி 1985-இல் பாடி மூன்றாம் இடம் பெற்ற 'ரன்னிங் அப் தட் ஹில்', 2022-இல் ஒரு தொலைக்காட்சித் தொடர்கதையால் மறுபடியும் புகழ் பெற்றபோது, அவ்விதியிலிருந்து அதற்கு விலக்கு அளிக்கப்பட்டது. முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் அது முதலிடம் ஏறியது. பாட்டை இயற்றிய அவ்வம்மையாரும் உடனிருந்து மகிழ்ந்தார்.

நேயர்களே, இவ்வரலாறுகளில் எந்தப் பாட்டும் ஒரு சொல்லேனும், ஒரு சுரமேனும் மாறவில்லை. மாறியவர்கள் கேட்பவர்களே. 1957-இல் பிறவாதவர்களும் 1986-இல் வில்சனின் தட்டை வாங்கினார்கள். நல்ல பாட்டு காத்திருக்க வல்லது. மனிதர் அவ்வாறு காத்திருக்க இயலாது. ஒரு பாட்டு நம் நெஞ்சைத் தொட்டால், அதைப் பாடியவர் உயிரோடு இருக்கும்போதே அவருக்கு ஒரு நல்ல சொல் எழுதி அனுப்புவோம். காலம் தாழ்ந்த புகழ் பாட்டைச் சேரும், பாடியவரைச் சேராது.