தொட்டுச் செய்யும் சிகிச்சை



வைத்தியம் என்றால் பெரும்பாலோருக்கு மாத்திரையும் ஊசியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் மருந்தைக் கொண்டல்லாமல், கையைக் கொண்டே செய்கிற வைத்தியமும் தொன்றுதொட்டு உண்டு. சுளுக்கு எடுப்பது, நீவிவிடுவது, முறிந்த எலும்பைத் தப்பை வைத்துக் கட்டுவது, விறைத்த மூட்டை அசைத்துப் பழக்குவது ஆகியவை எல்லாம் அவ்வகையைச் சேர்ந்தவை. சித்த மருத்துவம் புற மருத்துவ முறைகளை முப்பத்திரண்டாக வகுத்து, அவற்றுள் ஒன்றான தொக்கணத்தைத் தட்டல், இறுக்கல், பிடித்தல், அழுத்தல், அசைத்தல் முதலாக ஒன்பது விதமாகப் பிரித்துக் கூறுகிறது. இக்காலத்து இயன்முறை மருத்துவமும், அதாவது பிசியோதெரபியும், பெரும்பாலும் கையையும் பயிற்சியையும் நம்பியதே.

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்கிற நமக்கு இச்சிகிச்சை மற்றவர்களைவிட அதிகமாகவே தேவைப்படுகிறது எனலாம். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி ஓட்டுகிறவர்கள் நாட்கணக்கில் ஒரே இருக்கையில் அமர்ந்திருக்கிறார்கள். குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிகளில் இரவும் பகலும் நின்று வேலை செய்கிறவர்கள் பலர். இளம்பிள்ளை நெசவாளர், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டித் தொழிலாளர், சேகோ ஆலைகளில் மூட்டை சுமப்போர் என்று இடுப்பும் கழுத்தும் தோளும் தேய உழைக்கிற மக்கள் நம்மவர்கள். ஆகவே, கைவைத்துச் சிகிச்சை செய்யும் ஓரிடத்திற்கு நாம் போகும்போது எதை அறிந்துகொண்டு போக வேண்டும் என்பதை இன்று உங்களோடு ஆராய விரும்புகிறேன்.

நான் வைத்தியன் அல்லன்; பள்ளி ஆசிரியன். இதைப் பேச எனக்குள்ள தகுதி, நான் செய்த ஒரு தவறுதான்.

1988-ஆம் ஆண்டு இராசிபுரத்திற்கு அருகே ஒரு நடுநிலைப் பள்ளியில் பணியாற்றிக் கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் புளியமரத்திலிருந்து விழுந்து வலது முன்கையை முறித்துக்கொண்டான். வீட்டார் அவனை ஒரு நாட்டு வைத்தியரிடம் அழைத்துப் போனார்கள். அவர் முட்டை வெண்கருவும் உளுந்து மாவும் தடவி, மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டி அனுப்பினார். மறுநாள் மாலை பையனைப் பார்க்கச் சென்றேன். “கட்டு ரொம்ப இறுக்குதுங்க சார். விரல் இருக்கிற மாதிரியே தெரியலைங்க” என்று அவன் அழுதான். நான் அவன் தலையைத் தடவி, “ஆண்பிள்ளை இதற்கெல்லாம் அழலாமா? இறுக்கிக் கட்டினால்தான் எலும்பு கூடும்” என்று தேற்றிவிட்டு வந்தேன். வாத்தியார் சொன்ன பிறகு அவன் அழவில்லை, வீட்டாரும் பேசாதிருந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் விரல்கள் கறுக்கத் தொடங்கவே, சேலத்து மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினோம். கையை வெட்டாமல் காப்பாற்றினார்கள். ஆனால் விரல்கள் உள்நோக்கி மடங்கியவை மடங்கியவையாகவே நின்றுவிட்டன.

இது ஏன் நேர்ந்தது என்பதைப் பின்னால்தான் கற்றேன். நம் முன்கையின் தசைகள் விரிந்து கொடுக்காத உறைகளுக்குள் அமைந்திருக்கின்றன. எலும்பு முறிந்ததும் உள்ளே இரத்தம் கசிந்து வீக்கம் உண்டாகிறது. வெளியே கட்டும் இறுகியிருந்தால் வீக்கம் விரிய இடமின்றி உள்ளழுத்தம் ஏறுகிறது. தசைக்கு இரத்தம் போவது நின்றுவிடுகிறது. ஏறக்குறைய ஆறு மணி நேரம் இரத்தம் இல்லாதிருந்தால் தசை மீளமுடியாதபடி கெடத் தொடங்குகிறது. கெட்ட தசை தழும்பாகிச் சுருங்கி விரல்களை இழுத்து மடக்கிவிடும். ஜெர்மன் அறுவை மருத்துவரான வோல்க்மன் என்பவர் 1881-ஆம் ஆண்டிலேயே இதை விவரித்து எழுதினார். நாட்டுக் கட்டில் மட்டுமன்றி, மருத்துவமனையில் போடும் மாவுக்கட்டிலும் இது நேரக்கூடும். ஆகையால் எந்தக் கட்டாக இருந்தாலும் இந்த அடையாளங்களை அறிந்திருப்பது நலம்: கட்டிய பிறகு வலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது, பிறர் விரலை மெல்ல நீட்டினால் உயிர் போகிறதுபோல் வலிப்பது, மரத்துப் போவது, விரல் வெளுப்பது அல்லது நீலம் பாய்வது, தொட்டால் சில்லென்றிருப்பது. இவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. கட்டியவரைத் தேடிக்கொண்டும் இருக்கலாகாது. உடனே மருத்துவமனைக்குச் சென்று கட்டைத் தளர்த்தச் செய்ய வேண்டும். 108 என்ற எண்ணை அழைத்தால் வண்டி வரும்.

நாட்டு வைத்தியர் அனைவரையும் நான் குறை கூறுவதாக எண்ணவேண்டாம். நம் ஊர்ச் சாலைகளில் “புத்தூர் கட்டு” என்ற பலகையை அடிக்கடி காண்கிறோம். ஆந்திரத்துப் புத்தூரின் பெயரால் வழங்கும் முறை அது. ஆனால் பலகையில் உள்ள பெயர் ஒரு முறையின் பெயரேயன்றி, உள்ளே கட்டுகிறவரின் பயிற்சிக்குச் சான்று ஆகாது. எலும்பு முறிந்ததென்ற ஐயம் இருந்தால் முதலில் எக்ஸ்ரே எடுத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தால் நேரே மருத்துவமனைக்கே செல்ல வேண்டும்.

இனி, நல்ல சிகிச்சை எப்படித் தொடங்கும் என்பதற்கும் என் அனுபவத்தையே கூறுகிறேன். ஓய்வு பெற்ற பின் எனக்கு இடுப்பு வலி வந்து, இயன்முறை மருத்துவம் பயின்ற ஓர் அம்மையாரிடம் சென்றேன். அவர் என்னைத் தொடவே இல்லை. கால்மணி நேரம் கேள்விகளே கேட்டார். காய்ச்சல் உண்டா? உடல் இளைத்ததா? இரவில் படுத்தாலும் வலி விடாதிருக்கிறதா? சமீபத்தில் விழுந்தீர்களா? காலில் பலம் குறைந்ததா? சிறுநீர் கழிப்பதில் மாறுதல் உண்டா? சர்க்கரை வியாதி உண்டா? என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? எனக்கு முதலில் பொறுமை இல்லை. பிறகு என் பயிற்சிக் காலம் நினைவுக்கு வந்தது. பாடம் தொடங்குமுன் மாணவனின் முன்னறிவைச் சோதிக்க வேண்டும் என்று எங்களுக்குப் போதித்தார்கள். இவர் செய்ததும் அதுவே.

அக்கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. காய்ச்சலும் இளைப்பும் முதுகெலும்பில் காசநோய் பற்றியிருப்பதைக் குறிக்கலாம். அத்தகைய எலும்பை அழுத்தினால் நொறுங்கிவிடும். சிறுநீர் தடைப்பட்டு, தொடைகளின் இடையே உணர்ச்சி குறைந்தால் நரம்புக் கற்றை நசுங்குகிறதென்று பொருள். அன்றே மருத்துவமனை சேர வேண்டிய அவசரம் அது. ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால், இரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கலாம். நெடுந்தூரம் லாரி ஓட்டுகிறவர்களுக்கு இது நேரக்கூடும். அதைச் சுளுக்கென்று நினைத்து நீவினால் கட்டி நகர்ந்து நுரையீரலில் அடைத்து உயிருக்கே அபாயமாகும். இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுகிறவருக்கு அழுத்திப் பிடித்தால் உள்ளே இரத்தம் கசியும். சர்க்கரை வியாதியால் கால் உணர்ச்சி குறைந்தவருக்கு ஒற்றடத்தின் சூடு தெரியாமல் தோல் வெந்துபோகும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவருக்குச் சில மின்சார சிகிச்சைகள் ஆகா. ஆகவே, கேளாமல் தொடுகிற கை எவ்வளவு புகழ் பெற்றதாயினும் அதனிடம் ஒப்படைக்க வேண்டாம். அவர் கேட்க மறந்தால் நாமே சொல்லிவிட வேண்டும்.

கழுத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. முடிதிருத்தும் நிலையத்தில் கழுத்தைச் சட்டென்று திருப்பி நெட்டி முறித்துக்கொள்வது பலருக்கும் வழக்கம். “மளுக்” என்று சத்தம் கேட்டால் எலும்பு இடத்தில் அமர்ந்தது என்று மகிழ்கிறோம். அது அப்படியன்று. 2015-ஆம் ஆண்டு கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் விரல் மூட்டு நெட்டி முறிவதை எம்.ஆர்.ஐ. கருவியால் படம் பிடித்தனர். மூட்டு விலகும்போது அதன் நீரில் ஒரு வாயுக்குழி தோன்றுவதோடு சத்தம் சேர்ந்து வருவதை அதில் கண்டனர். சத்தம் குணத்திற்கு அடையாளமாகாது. கழுத்திலோ, மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இரு நாளங்கள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகவே ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. அது அரிதே, ஆயினும் வந்தால் மீட்பது கடினம். கழுத்தைத் திருப்பிய பின் தலைசுற்றல், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, நடைத் தள்ளாட்டம் ஏதேனும் தோன்றினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிகிச்சை நிலையத்தில் காணும் மின்தூண்டல், ஒற்றடம், இழுவை ஆகியவை வலியைச் சற்றுத் தணித்து உடலை இளக்குபவை. நிலைத்த பலன் தருவது பயிற்சியே. அவ்வம்மையார் எனக்கு நான்கு பயிற்சிகளைக் கற்பித்து, “இது உங்கள் வீட்டுப்பாடம் ஐயா” என்றார். நாற்பதாண்டு வீட்டுப்பாடம் கொடுத்தவன் நான். செய்யாமல் இருக்க முடியுமா? ஆறு வாரத்தில் நிமிர்ந்து நடந்தேன்.

கேட்பதற்கு நமக்கும் உரிமை உண்டு. என்ன படித்தீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள், இப்பொழுது செய்யப்போவது என்ன, எத்தனை நாள் ஆகும் என்று மரியாதையாகக் கேட்கலாம். 2021-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இயன்முறை மருத்துவரையும் பதிவேட்டில் சேர்க்க வழி செய்திருக்கிறது. பெண்கள் தங்களோடு ஒருவரை வைத்துக்கொள்ளலாம்; பெண் மருத்துவரே வேண்டுமென்றும் கேட்கலாம். குழந்தையோடு பெற்றோர் இருக்க வேண்டும். பாதியில் “நிறுத்துங்கள்” என்று சொல்லவும் தயங்க வேண்டியதில்லை. பணமில்லையே என்பவர்கள் சேலத்தின் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளை நாடலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்கும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது.

அந்த மாணவனுக்குப் பின்னர் இடக்கையால் எழுதக் கற்றுக்கொடுத்தவன் நானே. அவன் என்மேல் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் அவனுக்கு அன்று நான் கற்பித்த பாடம் தவறானது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நம் பழமொழி. வலியைச் சொல்வது கோழைத்தனம் அன்று. உடல் நமக்கு அனுப்பும் செய்தியை உரியவரிடம் சேர்ப்பதே அது. உங்கள் வீட்டுப் பிள்ளை “கட்டு இறுக்குகிறது” என்று சொன்னால், தேற்றுவதற்கு முன்னால் அதன் விரலைத் தொட்டுப் பாருங்கள்.