சூடு ஓரிடம், கோளாறு ஓரிடம்

ராயகிரியில் கிளம்பி வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசி போய்ச் சேர்கிறது ஒரு பழைய மாருதி 800. முன்சக்கரம் ஒன்று மட்டும் பக்கத்தில் கை கொண்டுபோக முடியாத அளவுக்குக் கொதிக்கிறது. கருகிய வாடை, வண்டியும் அந்தப் பக்கமே இழுக்கிறது. ‘பிரேக் காலிப்பர் போச்சு, மாத்திடலாம்’ என்பதுதான் வழக்கமாகக் கேட்கும் தீர்ப்பு. அவசரப்பட வேண்டாம் என்கிறேன். சூடு காலிப்பரில் தெரியும். கோளாறு அதற்கு பிரேக் ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸில் இருக்கலாம். இந்த வண்டியின் உற்பத்தி 2014-ல் நின்றது. ஹோஸை ஒருமுறையும் மாற்றாத வண்டியில் அந்த ரப்பருக்கும் வண்டியின் வயதுதான்.

பிரேக் பெடலை மிதிக்கும்போது ஆயில் ஹோஸ் வழியாகப் பெரும் அழுத்தத்தோடு பாய்ந்து காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது அதைச் சுற்றியுள்ள சிறிய ரப்பர் வளையம் மட்டுமே. மிதிக்கையில் முறுக்கிக்கொண்ட வளையம் நிமிரும்போது பிஸ்டன் மயிரிழை அளவு விலகும், அவ்வளவுதான். ஹோஸின் உட்சுவர் உப்பிப் பாதை குறுகியிருந்தால், கால் பலத்தில் போன ஆயிலை இந்த வளையத்தால் திருப்பி அனுப்ப முடியாது. ‘வெளியே ஹோஸ் புதுசுபோல இருக்கிறதே’ என்பார்கள். உப்பல் உள்ளே இருந்தால் வெளியே எப்படித் தெரியும்?

சூடு ஆறட்டும். மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்தபின் பெடலை நாலைந்து முறை மிதித்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகி நின்றால், காலிப்பரில் உள்ள பிளீடர் ஸ்க்ரூவைச் சற்றே தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சிச் சக்கரம் விடுபட்டால் பிஸ்டன் நன்றாகவே இருக்கிறது, அழுத்தம்தான் சிக்கியிருந்தது. ஸ்க்ரூவை முடுக்கி மறுபடி மிதித்து, இம்முறை இரும்புக் குழாய் ஹோஸோடு சேரும் இணைப்பைத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் கோளாறு மேலே மாஸ்டர் சிலிண்டர் பக்கம், விடாவிட்டால் ஹோஸில். பிளீடரைத் திறந்தும் அசையவில்லை என்றால்தான் துருப்பிடித்த பிஸ்டனையோ காய்ந்துபோன காலிப்பர் பின்களையோ சந்தேகிக்க வேண்டும். சோதனை முடிந்ததும் பிரேக் குழாயில் புகுந்த ஏரை எடுக்காமல் வண்டியை நகர்த்தாதீர்கள்.

சூட்டுக்குக் காரணம் சக்கர பேரிங்காக இருக்கக்கூடாதா? இருக்கலாம். ஆனால் அது வேகம் கூடக்கூட முனகும், சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆடும், பிளீடரைத் திறப்பதால் அடங்காது. ‘காலிப்பரையும் ஹோஸையும் சேர்த்து மாற்றிவிட்டால் சோதனையே வேண்டாமே’ என்போருக்கு ஒரு பதில்: கோளாறு மாஸ்டர் சிலிண்டரில் இருந்தால் புதுக் காலிப்பரும் அதேபோல் கருகும்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவது தென்காசியைத் தாண்டி வரும் ஆரியங்காவு மலைப்பாதையை நினைத்து. டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். விடாமல் பிடிக்கும் பிரேக்கின் சூட்டில், இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் அடிவரை போய்விடும். அப்போது பெடலை விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள், கியரைக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்து ஓரம் கட்டுங்கள். ஆறியதும் பெடல் பழையபடி இறுகும். அதை நம்பி மறுபடி இறக்கத்தில் இறங்காதீர்கள்.