முப்பது, நாற்பதிலும் பல்லுக்குக் கிளிப் போடலாம்



எனக்குக் கொடுத்த தலைப்பு உடல்நலம். அதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கிறேன். பெரியவங்க பல்லுக்குக் கிளிப் போடலாமா, அதுக்குக் குழுவில் கடன் கொடுக்கலாமா என்பதுதான் அது.

போன வருஷம் தை மாதக் கூட்டத்தில் எங்க குழுவில் இது பெரிய வாக்குவாதமா வந்துச்சு. முப்பத்தெட்டு வயசு அக்கா ஒருத்தங்க உள்கடன் கேட்டாங்க. எதுக்குன்னு கேட்டதும், “பல்லுக்குக் கிளிப் போட”ன்னாங்க. “மகளுக்குப் போட வேண்டிய வயசுல உனக்கு என்னத்துக்கு?”ன்னு ஒருத்தர் கேட்டாங்க. “மாடு வாங்க, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டன்னா சரி, இது அலங்காரச் செலவு”ன்னு இன்னொருத்தர் சொன்னாங்க. அந்த அக்கா முந்தானையால வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணலாம்னு கூட்டம் தள்ளி வச்சது. நானும் ஊக்குநரும் அந்த அக்காவோட பல் மருத்துவரிடம் போனோம். அங்கே தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

பல் நகர வயசு தடையில்லை. பல்லு சுவத்தில் அடிச்ச ஆணி மாதிரி இறுகி நிக்கிறதில்லை. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவுல மெல்லிய சவ்வு இருக்கு. கம்பி மெதுவா அழுத்தும்போது, அழுத்துற பக்கத்தில் எலும்பு கொஞ்சம் கரையும். பல் விட்டு வந்த பக்கத்தில் புது எலும்பு வளரும். அப்படித்தான் பல் நகருது. மாசத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் நகரும். அதனால்தான் ஒன்றரை, ரெண்டு வருஷம் ஆகுது. பெரியவங்களுக்குச் சில நேரம் இன்னும் கூடும். பிள்ளைகளுக்குத் தாடை வளர்ந்துக்கிட்டு இருக்கும், நமக்கு வளர்ச்சி நின்னு போச்சு. அதனால தாடை எலும்பே முன்னால தூக்கி இருந்தா கிளிப் மட்டும் போதாது, அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம்.

இதில் அலங்காரம் மட்டும் இல்லை. அந்த அக்கா பத்து வருஷத்துக்கு முன்னால ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிட்டு அப்படியே விட்டுட்டாங்க. நம்மில் பாதிப் பேர் அப்படித்தான். காலி இடம் இருந்தா பக்கத்துப் பல் அதுக்குள்ள சாயும், எதிர்த்த பல் அந்தப் பள்ளத்தை நோக்கி இறங்கும். பிறகு சரியா மெல்ல முடியாது, பல் சந்தில் சோறு சிக்கும், சொத்தை வரும். ஈறு கெட்டுப் போனா முன்பற்கள் விலகி, இருபது வயசுல இல்லாத சந்து நாற்பதில் வரும். சாய்ஞ்ச பல்லை நிமிர்த்தின பிறகுதான் அந்த இடத்தில் சரியான பல் கட்ட முடியும்னு டாக்டர் சொன்னாங்க. இது வைத்தியம்தானே?

போகப் போறவங்க கவனிக்க வேண்டியது சில இருக்கு.

முதலில் ஈறு. பல் விளக்கும்போது ரத்தம் வந்தா, பல் ஆடினா, அதைச் சரி பண்ணாம கம்பி போடக் கூடாது. போட்டா பல்லே கழன்டு போகலாம். அந்த அக்காவுக்கு மூணு மாசம் ஈறு வைத்தியம் பார்த்த பிறகுதான் கம்பி கட்டினாங்க. சர்க்கரை இருக்கிறவங்க அதைக் கட்டுக்குள்ள வச்சிருக்கணும். வெத்தலை, பாக்கு, புகையிலை போடுறவங்க விட்டுடணும்.

ரெண்டாவது, யாரிடம் போறோம் என்பது. பி.டி.எஸ். படிச்சவங்க பல் டாக்டர். அதுக்கு மேல 3 வருஷம் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். படிச்சவங்கதான் இதுக்குத் தனி டாக்டர். கூச்சப்படாம கேளுங்க. சொத்தை, ஈறு பார்க்க நம்ம அரசு ராஜாஜி பெரியாஸ்பத்திரியில் பல் பிரிவு இருக்கு. கீழவெளி வீதியில் சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. பொதுவா கல்லூரிகளில் தனியார் கிளினிக்கை விடச் செலவு குறையும், ஆனா கூட நேரம் ஆகும். விசாரிச்சுக்கோங்க. சந்துப் பல்லில் ரப்பர் பேண்டு மாட்டினா மூடிக்கும்னு செல்போனில் வீடியோ வருது. தயவுசெய்து செய்யாதீங்க. அந்த ரப்பர் ஈறுக்குள்ள ஏறி எலும்பைக் கெடுத்து, நல்ல பல்லையே விழ வச்சிடும்.

மூணாவது, பணம். எக்ஸ்ரே, பல் எடுக்கிறது, கம்பி, கடைசியில் கொடுக்கிற ரீடெய்னர், எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவுன்னு முதலிலேயே எழுதி வாங்குங்க. பல இடங்களில் மாசா மாசம் போகும்போது தவணையா கட்ட விடுவாங்க. 2023 செப்டம்பரில் தொடங்கின உரிமைத் தொகை 1000 ரூபாயைத்தான் அந்த அக்கா தவணைக்கு எடுத்து வைக்கிறாங்க. மீதிக்குக் குழுக் கடன்.

நாலாவது, பொறுமை. கம்பி முறுக்கின ரெண்டு மூணு நாள் வலிக்கும், இட்லி, கஞ்சிதான் இறங்கும். முறுக்கு, சீடை, கரும்பு வேண்டாம். சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும் விளக்கணும். கம்பியைக் கழற்றினதும் முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும், ரீடெய்னரைச் சொன்ன காலம் வரை போட்டே ஆகணும். இல்லைன்னா கட்டின காசு வீண்.

எல்லாரும் போட்டுக்கணும்னு நான் சொல்லலை. தெத்துப்பல் சிரிப்பு எத்தனையோ பேருக்கு அழகாத்தான் இருக்கு. தொந்தரவு இல்லாத பல்லைச் சும்மா விடலாம். வேணுமா வேண்டாமான்னு அவங்கவங்க முடிவு பண்ணட்டும். வயசைச் சொல்லி நாம தடுக்க வேண்டாம்.

பங்குனிக் கூட்டத்தில் எங்க குழு அந்தக் கடனைக் கொடுத்துச்சு. இன்னும் சிகிச்சை முடியலை. ஒரு தவணையும் தவறலை. கூட்டத்தில் கணக்கு வாசிக்க ஆளில்லாம தவிச்சோம்ல, இப்ப அந்த அக்காதான் கம்பியோட எழுந்து நின்னு வாசிக்கிறாங்க, கையை வாய்க்குக் கொண்டு போகாம.

கூட்டமைப்பிடம் ஒரு வேண்டுகோள். தீர்மான நோட்டில் மருத்துவக் கடன்னு எழுதுற இடத்தில் பல் வைத்தியத்தையும் சேர்த்து எழுதச் சொல்லி எல்லாக் குழுவுக்கும் தகவல் கொடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை பல் பரிசோதனை முகாமும் ஏற்பாடு பண்ணுங்க.