கத்தியும் கடாவும்



பதினேழாம் நூற்றாண்டின் ஐரோப்பாவிலே தழைத்தது பறோக் கலை. வேதாகமக் கதைகளையும் புராணங்களையும் பழைய சரித்திரத்தையும் தீட்டும் வரலாற்றோவியமே அன்று ஓவிய வகைகளுள் முதன்மையானதாகப் போற்றப்பட்டது. ஆபிரகாம் தம் மைந்தன் ஈசாக்கைப் பலியிடத் துணிந்த கதையை ஓவியர் பலர் விரும்பி வரைந்தனர். மிஷன் பாடசாலையிற் பயின்ற நாங்கள் அக்கதையைச் சிறுவயதிலேயே கேட்டோம். மகனுக்குப் பதிலாக ஓர் ஆட்டுக்கடா பலியானதும், கதை இனிதே முடிந்ததென்று எண்ணினோம்.

இத்தாலியரான கரவாஜ்ஜோ 1603ஆம் ஆண்டளவில் தீட்டிய ஓவியம் புளோரன்ஸ் நகரத்து உஃபிஸி காட்சிச்சாலையில் உள்ளது. தேவதூதன் ஆபிரகாமின் கையைப் பற்றிக் கடாவைச் சுட்டுகின்றான். அலறும் சிறுவனின் தலைக்கருகே, கடாவின் முகம் அமைதியாகத் தோன்றுகின்றது. தப்பியவன் அலறுகின்றான், சாகப்போவது வாய்திறவாது நிற்கின்றது.

ஒல்லாந்தரான றெம்பிறான்ட் 1635இல் தீட்டிய ஓவியத்திலே, கத்தி கையினின்றும் நழுவி அந்தரத்தில் விழுகின்றது. 20 ஆண்டுகளின் பின், 1655இல், அவர் செப்புத்தகட்டில் உருவாக்கி அச்சிட்ட சித்திரத்திலோ தூதன் முதியவரைப் பின்னின்று பற்றித் தடுக்கின்றான். தந்தையின் கை மகனின் கண்களை மூடியிருக்கின்றது. ஆரவாரம் அடங்கித் துயரமே மிஞ்சுகின்றது.

அக்கடாவைச் சிலுவையில் உயிர்நீத்த இயேசுவின் முன்னடையாளமாகக் கிறிஸ்தவர் கொண்டனர். இக்கருத்தின் வழிவந்ததே, ஸ்பானியரான சுர்பரான் 1635க்கும் 1640க்கும் இடையில் தீட்டிய ‘தேவ ஆட்டுக்குட்டி’. மட்ரிட் நகரத்துப் பிராடோ நூதனசாலையிலுள்ள அவ்வோவியத்தில் தூதனில்லை, கத்தியில்லை, இரத்தமுமில்லை. இருளின் முன்னே, நாலு கால்களும் கட்டுண்ட ஓர் ஆடு கிடக்கின்றது. அதன் சுருண்ட உரோமத்தைத் தொட்டுவிடலாம் போலிருக்கின்றது. குறியீட்டை வரைய வந்தவர் ஓர் உயிரையே நம் கண்முன் கிடத்திவிட்டார்.

இதுவே எங்கள் உள்ளத்தைத் தைத்தது. குறியீடு எத்துணை உயர்ந்ததாயினும், அதைச் சுமக்கும் உயிரின் வேதனையை மறைத்துவிடலாகாது. நம் ஆலயத்துப் பலிபீடத்தின் முன்னே விட்டொழிக்க வேண்டியது ஆணவத்தையே எனப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அவ்வாறிருக்க, வேள்வியென்று கூறி ஓர் ஆட்டின் கழுத்தில் மாலையிடும்போது, நாம் பார்க்க வேண்டியது மாலையையா, அதன் கண்களையா?

இக்கேள்வியை உங்கள் முன் வைத்து அமைகின்றோம்.