கணக்கில் ஏறாத விலை



பட்டு நெய்யும் தேவிகாபுரத்தில் நின்றுகொண்டு விலங்கியல் படித்து இன்று பட்டம் பெறும் உங்களிடம் உயிர்களுக்கு நேரும் தீங்கைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் சங்கடம்தான். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான கூட்டுப்புழுக்கள் சாகின்றன. ஆனால் அதை இங்கே யாரும் மறைப்பதில்லை. தெரிந்தே கொடுக்கிற விலை அது. சரியா தவறா என்று வாதாடவும் வழி இருக்கிறது. நான் பேச வந்தது, கொடுக்கிறோம் என்றே தெரியாமல் கொடுக்கும் விலையைப் பற்றி. அதுவும் விலங்குகளின் மேல் அக்கறை கொண்டு காட்டுக்குப் போகிறவர்கள் கொடுக்கும் விலை.

இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் குரோசே தீவுக்கூட்டம் இருக்கிறது. ராஜ பென்குயின்கள் கூட்டங்கூட்டமாக வாழும் இடம். தனித்தனிப் பறவையை அடையாளம் காண, துடுப்பு போன்ற அதன் இறக்கையில் உலோகப் பட்டை மாட்டுவது பல ஆண்டுகளாக நடந்த வழக்கம். முதல் வருடம் கொஞ்சம் சிரமப்படும், பிறகு பழகிவிடும் என்று பலரும் நம்பினார்கள். பிரெஞ்சு ஆய்வாளர்கள் சிலருக்கு மட்டும் சந்தேகம். நூறு பறவைகளை எடுத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் தோலுக்கடியில் சிறிய சில்லு வைத்தார்கள். ஐம்பதுக்கு மட்டும் கூடுதலாகப் பட்டை. பத்து ஆண்டுகள் பொறுமையாகப் பார்த்தார்கள். 2011இல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வந்தது. பட்டை மாட்டியவை பிழைத்திருப்பது 16 சதவீதம் குறைவு. அவை பொரித்த குஞ்சுகள் 39 சதவீதம் குறைவு. நீந்தும்போது பட்டை தண்ணீரில் தடையாகிறது. அதனால் இரை தேடிக் கடலுக்குப் போனால் திரும்ப அதிக நாளாகிறது, இனப்பெருக்கத்துக்கும் பறவை தாமதமாக வந்து சேர்கிறது.

இதில் என்னை உலுக்கியது பறவைகளின் துன்பம் மட்டுமல்ல. பருவநிலை மாற்றத்தால் பென்குயின்கள் எப்படிப் பாதிக்கப்படுகின்றன என்று பட்டை மாட்டிய பறவைகளை வைத்தும் உலகம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. எத்தனை சாவு கடல் சூடானதால், எத்தனை சாவு நாம் மாட்டிய பட்டையால்? பிரித்துச் சொல்ல வழியில்லை. அறமும் அறிவியலும் தனித்தனிப் பாடங்கள் என்று நினைத்துத் தேர்வு எழுதியிருப்பீர்கள். ஆனால் உயிருக்கு வலித்தால் தரவும் கெடும்.

நம் கோடியக்கரைக்கு வருவோம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், சாலிம் அலியின் தலைமையில், 1959இல் பறவை இடப்பெயர்வு ஆய்வைத் தொடங்கியது. கோடியக்கரையிலும் பல்லாயிரம் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விட்டார்கள். நம் உப்பளத்தில் குளிர்காலம் கழிக்கும் பறவை எந்த நாட்டில் முட்டையிடுகிறது என்பதெல்லாம் இப்படித்தான் தெரியவந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் வலை வலைதான். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலையில் சிக்கும் பறவைகளைப் பற்றி 2012இல் அமெரிக்க ஆய்வொன்று வந்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைப் பிடிப்புகளின் பதிவேடுகளை அலசினார்கள். ஆயிரத்துக்கு ஆறு காயம், இரண்டு மூன்று சாவு. குறைவுதான். அந்த எண்ணை ஒளிக்காமல் எழுதி வைத்திருந்தார்களே, அதனால்தான் எந்த இனத்துக்கு ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. இறந்த பறவையைப் புதருக்குள் வீசிவிட்டு வந்திருந்தால் இதுவும் தெரிந்திருக்காது.

ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் விட்ட சிவிங்கிப்புலிகளுக்கு நடந்ததைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். 2023 ஜூலையில் அடுத்தடுத்து இரண்டு இறந்தன. கழுத்துப் பட்டைக்கு அடியில் புண், புண்ணில் புழு. மழைக்கால ஈரத்தில் நனைந்த ரேடியோ பட்டைதான் காரணம் என்று சில வல்லுநர்கள் சொன்னார்கள். அது வெறும் ஊகம் என்றது அரசு. ஆப்பிரிக்கக் குளிர்காலத்துக்காக வளர்ந்த அடர்ந்த ரோமம் நம் மழையில் நனைந்ததும் ஒரு காரணம் என்கிறார்கள். எப்படியோ, வெளியே திரிந்தவற்றைத் திரும்ப அடைப்புக்குள் கொண்டுவந்து பட்டையைக் கழற்றிப் பார்க்க வேண்டியதாயிற்று.

தானாகப் படமெடுக்கும் கேமராவில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மரத்தில் கட்டிவிட்டு வந்துவிடலாம். விலங்கைத் தொடவே வேண்டாம். கால்தடத்தை வைத்துப் புலியை எண்ணிய பழைய முறையை நம்பியிருந்த காலத்தில்தான் ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்று 2005இல் விழித்துக்கொண்டோம். அதன் பிறகு கேமரா வந்தது. 2018 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் வைத்தார்கள். விழுந்த படங்கள் மூன்று கோடியே நாற்பத்தெட்டு லட்சத்துக்கும் மேல். அவற்றில் புலி இருந்தவை 76,651. கின்னஸ் சாதனை. பெருமைதான். ஆனால் குறுக்கே போவது புலியா ஆளா என்று கேமரா பார்ப்பதில்லை.

உத்தராகண்டின் கார்பெட் காட்டை ஒட்டிய ஊர்களில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் திரிஷாந்த் சிம்லாய் பதினான்கு மாதங்கள் தங்கி 270 பேரிடம் பேசினார். அவர் கட்டுரை 2024இல் வெளிவந்தது. அங்கே விறகுக்கும் புல்லுக்கும் காட்டுக்குள் போவது பெண்கள். வீட்டில் கிடைக்காத நிம்மதி அவர்களுக்கு அங்கே கிடைக்கிறது. உட்கார்ந்து கதை பேசலாம், சிரிக்கலாம், ஒரு பீடிகூடப் பிடிக்கலாம். மறைவுக்கு ஒதுங்கிய ஒரு பெண்ணின் படம் கேமராவில் பதிந்து, 2017இல் வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் ஊரெல்லாம் சுற்றியது. கோபத்தில் ஊர்க்காரர்கள் அக்கம்பக்கத்து கேமராக்களை உடைத்தார்கள், எரித்தார்கள்.

இதைவிட அதிகம் நான் யோசித்தது பாட்டைப் பற்றி. அந்தப் பெண்கள் காட்டில் உரக்கப் பாடிக்கொண்டே போவார்கள். பொழுதுபோக்குக்கு மட்டுமல்ல; ஆள் வருகிறது என்று யானைக்கும் புலிக்கும் சொல்லிவிடுவது அது. கேமரா வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். சத்தம் குறைந்தால் திடீரென்று விலங்கின் முன்னால் போய் நிற்கும் ஆபத்து கூடுகிறது. புலியைக் காப்பாற்ற வைத்த கருவி, புலிக்கு முன்னால் பெண்களைத் தனியாக நிறுத்திவிட்டது. இதை எந்தக் கணக்கெடுப்பு அறிக்கையில் எந்தப் பத்தியில் எழுதுவது?

காட்டு விலங்கைப் பிடித்து ஆய்வு செய்ய 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். அவசியமான விதி. அதே பாதையில் சுள்ளி பொறுக்கும் அம்மாவிடம் கேட்க வேண்டும் என்று நான் பார்த்த எந்த அனுமதிக் கடிதத்திலும் இல்லை.

உங்களில் சிலர் நாளை ஜவ்வாது மலையிலோ சத்தியமங்கலத்திலோ ஆய்வு உதவியாளராகப் போவீர்கள். சம்பளம் சொற்பம், பூச்சிக்கடி நிறைய. கையில் பத்து கேமராவைக் கொடுத்து, சாயங்காலத்துக்குள் கட்டிவிட்டு வா என்பார்கள். அவசரப்படாதீர்கள். முதல் நாள் மலைக்கிராமத்தில் உட்கார்ந்து, எந்தப் பாதையில் யார் எந்த நேரத்தில் போகிறார்கள் என்று கேளுங்கள். ஆண்களிடம் மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள்; அவர்களுக்குப் பாதி தெரியாது. படத்தில் ஆள் விழுந்தால் யார் அழிப்பது, எப்போது அழிப்பது என்பதை கேமரா கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெண்கள் போகும் பாதையை விட்டுவிட்டால் படம் குறையலாம். குறையட்டும். ஏன் குறைந்தது என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். மேலே இருப்பவர் அதை அடித்து நீக்கிவிட்டால், அடுத்த அறிக்கையில் மறுபடியும் எழுதுங்கள்.

பெயர்ப் பட்டியலோடு முதல்வர் எழுந்துவிட்டார். வாருங்கள், பட்டத்தை வாங்கிக்கொள்ளுங்கள். வாழ்த்துகள்.