அரைக் குடம் தண்ணீர்



"ஏதாவது தொழில்நுட்பமாப் பேசுங்க சார்" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். ராக்கெட்டைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக் குளியலறையைப் பற்றிப் பேசுகிறேன்.

கோவையில் வீடு கட்டியபோது மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் வைத்தேன். அங்கிருந்து கீழே, பின்பக்கம் அம்மாவின் குளியலறை வரைக்கும் 15 மீட்டர் குழாய். "அரை இஞ்ச் போதும் சார்" என்றார் பிளம்பர். நான் இன்ஜினியர் ஆச்சே! "பெரிசா இருந்தாத்தான் தண்ணி நல்லா வரும். ஒரு இஞ்ச் போடுங்க" என்றேன்.

மார்கழியில் ஒரு விடியற்காலை. எழுபத்தெட்டு வயது அம்மா பச்சைத் தண்ணீரில் குளிப்பது தெரியவந்தது. பதறிப்போய், "ஏம்மா, வெந்நீர் வரலையா?" என்று கேட்டேன்.

"வருதுப்பா. ஆனா அது வர்றதுக்குள்ள அரைக் குடம் தண்ணி சாக்கடைக்குப் போகுது. ஒரு மைல் நடந்து தண்ணி சுமந்தவ நான். மனசு வரலை."

அன்றைக்குத்தான் கணக்குப் போட்டேன். 25 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் மீட்டருக்கு ஏறத்தாழ அரை லிட்டர் தண்ணீர் நிற்கும். 15 மீட்டருக்கு சுமார் ஏழரை லிட்டர். ஆறிப்போன அந்தத் தண்ணீர் வெளியேறினால்தான் வெந்நீர் வரும். நிமிடத்துக்கு 6 லிட்டர் வந்தால் 75 விநாடி ஆகும். 15 மில்லிமீட்டர் குழாயில் நிற்பதோ 2.7 லிட்டர்தான், அரை நிமிடம் போதும். கொள்ளளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன், வீட்டில் மறந்துவிட்டேன்.

வழிகள் பல உண்டு. ஒரே ஒரு குழாய்க்குத் தனியாகப் போகும் லைன் என்றால் மெல்லிய குழாயே நல்லது. பல குழாய்களுக்குப் பொதுவான லைன் என்றால் வேகம் குறையும். குழாய்க்கு உறை போட்டால் முதலில் குளிப்பவருக்குப் பெரிய பயனில்லை; சற்று நேரத்தில் அடுத்துக் குளிப்பவருக்குச் சூடு மிச்சமிருக்கும். திரும்பும் குழாயும் சின்னப் பம்ப்பும் வைத்து, ஆறிய தண்ணீரைத் தொட்டிக்கே அனுப்பலாம். ஆனால் வேண்டும்போது மட்டும் ஓட்ட வேண்டும். நாள் முழுக்க ஓடினால் சூடு வீணாகும். ரொம்பத் தூரம் என்றால் அங்கேயே ஒரு சின்ன கீசர் மாட்டிவிடலாம்.

நான் அரை இஞ்ச் தனிக் குழாயே போட்டேன், உறையோடு. "அப்பவே சொன்னேனே சார்" என்று சிரித்தார் அதே பிளம்பர்.

இப்போது அம்மா வெந்நீரில் குளிக்கிறார்கள். முதலில் வரும் அந்தக் கொஞ்சம் தண்ணீரையும் வாளியில் பிடித்துத் துளசிச் செடிக்கு ஊற்றிவிடுகிறார்கள்.

மாணவச் செல்வங்களே, குழாய் சரியாக வேலை செய்கிறது என்றே நான் நினைத்திருந்தேன். அம்மா ஒரு நாளும் குறை சொல்லவில்லை. நீங்கள் எதைக் கட்டினாலும், அதைப் பயன்படுத்துகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.