அரசாங்கம் எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



"அரசாங்கம் மக்களிடம் ரகசியம் வைக்கலாமா?" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தாங்க. நான் படிச்சது பத்தாவதுதான். தலைப்பைச் சொன்னதும் எங்கூட்டுக்காரர், "அது டெல்லியில பேசற சமாச்சாரமாச்சே, உனக்கு எதுக்கு?" என்றார். தறிக் குடோன் சத்தத்துல அவர் சொன்னதில் பாதிதான் காதுல விழுந்தது. விழுந்த பாதிக்குப் பதிலைத்தான் இன்னிக்குப் பேசப்போறனுங்க.

டெல்லிக்குப் போகவே வேண்டாம். நம்ம சோமனூர் பஸ் ஸ்டாண்டு போதும். 2017 செப்டம்பர் 7-ஆம் தேதி அதன் மேற்கூரை இடிஞ்சு விழுந்தது. பஸ்ஸுக்கு நின்னவங்க அஞ்சு பேர் செத்துப்போனாங்க, நிறையப் பேருக்குக் காயம். இங்க உட்கார்ந்திருக்கிற பாதிப்பேர் அந்தக் கூரைக்கடியில கைக்குழந்தையோட நின்னவங்கதான். அரசாங்கம் ககன்தீப் சிங் பேடி என்கிற ஐ.ஏ.எஸ். அதிகாரியை விசாரணைக்கு நியமித்தது. அவரும் கோயமுத்தூருக்கு வந்து விசாரித்தார். அந்த விசாரணை அறிக்கையில என்ன எழுதியிருக்குன்னு இந்த உரைக்காக ஒரு பத்துப் பேரைக் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தருக்கும் தெரியலை. கூரை விழுந்த நேரம், யார் யார் செத்தாங்க, எந்த ஊர்க்காரங்க, எல்லாம் தெரியுது. ஏன் விழுந்துதுங்கறது மட்டும் தெரியலை. அது யுத்த ரகசியமா? நாம நிக்கிற கூரைங்க அது.

அந்தச் சாவுக்கப்புறம் எங்க ஊர்ல எல்லோருக்கும் தலைக்கு மேல பார்க்கிற பழக்கம் வந்திருச்சு. அங்கன்வாடிக்குப் பின்னால ஒரு மேல்நிலைத் தண்ணித் தொட்டி இருக்குது. தூண்ல சிமெண்டு பெயர்ந்து, உள்ள இருக்கற கம்பி துருப்பிடிச்சுத் தெரியும். அதுக்குக் கீழதான் பிள்ளைங்க விளையாடும். எங்க குழுவில நாலு பேர் போய், "இதை யாராச்சும் வந்து பார்த்தாங்களா, கெட்டியா இருக்குதுன்னு சொன்னாங்களா?"ன்னு ஒரு அலுவலகத்துல கேட்டோம். "அதெல்லாம் ஆபீஸ் ரெக்கார்டும்மா, உங்களுக்குக் காட்ட முடியாது"ன்னு சொல்லிட்டாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க, குறை சொல்லலை. ஆனா வெளிய வந்தப்ப எங்களுக்கு அப்படியொரு பயம். உள்ள என்னமோ பெரிய விஷயம் இருக்குது, அதனாலதான் மறைக்கிறாங்கன்னு நினைச்சோம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில மனுப் போட்டோம். ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு, மூணே கேள்வி. தொட்டி கட்டின வருசம் எது? கடைசியாப் பொறியாளர் வந்து பார்த்த தேதி எது? அவர் எழுதின குறிப்போட நகல் கொடுங்க. முப்பது நாள் கழிஞ்சும் பதில் இல்லை. அதே துறையில மேலதிகாரிக்கு மேல்முறையீடு போட்டோம். அப்புறம் வந்தது ஒரு பக்கக் கடிதம். கட்டின வருசம் எழுதியிருந்தது. அடுத்த ரெண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே வரி: "ஆய்வு தொடர்பான பதிவேடு ஏதும் இல்லை."

எல்லோரும் திரும்பத் திரும்ப அந்த வரியையே படிச்சோமுங்க. பூட்டின பொட்டிக்குள்ள ரகசியம் இருக்கும்னு நினைச்சோம். திறந்து பார்த்தா பொட்டி காலி. யாரும் வந்து பார்க்கவே இல்லை, அதைத்தான் மறைச்சிருக்காங்க. அரசாங்க ரகசியம்னு சொல்றதில பாதி இந்த மாதிரிதான் இருக்கும்ங்கறது என் கணக்கு.

அக்டோபர் 2 கிராம சபையில அந்தக் கடிதத்தை சத்தமா வாசிச்சோம். யாரும் சண்டை போடலை. அடுத்த வாரமே பொறியாளர் வந்து சுத்தியலால தட்டிப் பார்த்தார். பிள்ளைங்க விளையாடற இடத்தை முன்பக்கம் மாத்தி, தொட்டியைச் சுத்தி வேலி போட்டாங்க. இடிச்சுட்டுப் புதுசு கட்டணும்னு தீர்மானமும் ஆச்சு. இன்னும் இடிக்கலை. அடுத்த மனு தயாராகிட்டிருக்குது.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இதுல நம்ம மாதிரிப் பொம்பளைங்க பங்கு நிறைய. வெள்ளைக்காரன் 1923-இல் அரசாங்க ரகசியச் சட்டம்னு ஒண்ணு போட்டான். சுதந்திரம் வந்தும் அது போகலை, இன்னிக்கும் இருக்குது. அதனால எந்தக் காகிதத்தைக் கேட்டாலும் 'ரகசியம்'னு சொல்றது அலுவலகங்கள்ல பழக்கமாவே ஆகிப்போச்சு. ராஜஸ்தான்ல வறட்சிக்கால வேலை செஞ்ச கூலி ஜனங்க, சட்டப்படியான கூலி கைக்கு வரலைன்னு கேட்டப்ப, "ரெக்கார்டில நீ வேலையே செய்யலை"ன்னு சொல்லியிருக்காங்க. அந்த ரெக்கார்டைக் காட்டுன்னு கேட்டா, காட்ட முடியாதுன்னுட்டாங்க. அருணா ராய் அம்மா, நிகில் டே இவங்களெல்லாம் அந்த ஜனங்களோட சேர்ந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்னு ஒரு அமைப்பு வெச்சாங்க. 1996-இல் பியாவர்ங்கற ஊர்ல நாற்பது நாள் தெருவுல உட்கார்ந்தாங்க. "எங்க பணம், எங்க கணக்கு" என்பதுதான் கோஷம். அதுல இருந்த நாலாவது படிச்ச ஒரு கிராமத்துப் பெண்ணை டெல்லியில நிருபர்கள் கேட்டாங்களாம், "உனக்கு எதுக்கும்மா தகவல் உரிமை?" என்று. அந்தம்மா, என் பையன்கிட்ட பத்து ரூபாய் கொடுத்துச் சந்தைக்கு அனுப்பினா வந்ததும் கணக்குக் கேட்கறேன், என் பேரைச் சொல்லிக் கோடிக்கணக்குல செலவு பண்ற அரசாங்கத்துகிட்டக் கேட்க வேண்டாமான்னு சொல்லிச்சாம். எங்கூட்டுக்காரருக்கு இதைத்தான் சொன்னேன், தறியை நிறுத்திட்டு.

நம்ம தமிழ்நாடு 1997-லயே தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட முதல் மாநிலம். ஆனா அதில கொடுக்கக் கூடாதுங்கற பட்டியல் நீளமா இருந்ததால பெருசாப் பலன் இல்லை. 2005 அக்டோபர் 12-இல் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்த சட்டம்தான் இப்ப நாம பயன்படுத்தறது. மனுவில ஏன் கேட்கறேன்னு காரணம் எழுத வேண்டியதில்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழ உள்ளவங்களுக்குப் பத்து ரூபாயும் வேண்டாம். உயிருக்கு ஆபத்தான விஷயம்னா 48 மணி நேரத்துல பதில் தரணும். ரெண்டாவது மேல்முறையீடு சென்னையில மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. காரணமில்லாம இழுத்தடிச்சா அதிகாரிக்கு நாளைக்கு 250 ரூபாய், மொத்தம் 25,000 வரைக்கும் அபராதம். இன்னொண்ணு நிறையப் பேருக்குத் தெரியாது: காகிதம் மட்டுமில்லீங்க, நடக்கிற வேலையை நேர்ல பார்க்கவும், போடற ஜல்லி சிமெண்டுல மாதிரி எடுக்கவும் அந்தச் சட்டத்துல வழி இருக்குது.

சரி, அப்படின்னா அரசாங்கம் எதையுமே ரகசியமா வைக்கக் கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன்.

சூலூர் விமானப்படைத் தளம் நமக்குப் பக்கம். தலைக்கு மேல ஹெலிகாப்டர் போகாத நாள் இல்லை. அது எங்க போகுது, யார் போறாங்கன்னு எனக்குத் தெரிய வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 8-இல் முப்படைத் தளபதி பிபின் ராவத் அந்தத் தளத்திலிருந்து கிளம்பித்தான் குன்னூர் பக்கம் விழுந்து, மொத்தம் 14 பேர் போனாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி ரகசியம் இருந்தது நியாயம். விழுந்தப்புறம் ஏன் விழுந்துதுன்னு சொல்லணும். அடுத்த மாசமே விமானப்படை, திடீர்னு மேகத்துக்குள்ள போய் விமானிக்கு நிதானம் தவறிருச்சுன்னு விசாரணை முடிவைச் சொன்னாங்க. ராணுவமே சொல்லுது. ஒரு தண்ணித் தொட்டிக்குச் சொல்ல முடியாதுங்களா?

அடுத்தது பொள்ளாச்சி. இதைப் பேசும்போது எனக்குக் குரல் நடுங்கும், பொறுத்துக்குங்க. 2019-இல் ஒரு பொண்ணு தைரியமாப் போய்ப் புகார் கொடுத்துச்சு. அந்தப் பொண்ணு பேரு வெளிய வரவே கூடாதுன்னு சட்டமே இருக்குது. ஆனா வழக்கை சி.பி.ஐ.க்கு மாத்தின அரசாணையிலயே அந்தப் பேரு அச்சாகி வந்தது. மதுரையில இருக்கிற உயர் நீதிமன்றக் கிளை கண்டிச்சு, பேரில்லாம வேற ஆணை போடச் சொல்லி, அந்தப் பொண்ணுக்கு 25 லட்சம் இழப்பீடும் கொடுக்கச் சொல்லிச்சு. அப்புறம் கோவை மகளிர் நீதிமன்றத்துல கதவை மூடித்தான் விசாரணை நடந்தது. பேரு வெளிய வராதுன்னு நம்பிக்கை வந்ததாலதானே பாதிக்கப்பட்ட எட்டுப் பேரும் நின்னாங்க? சாட்சிகள்ல ஒருத்தர்கூட மாத்திச் சொல்லலை. 2025 மே 13-இல் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை. அந்த ரகசியத்தை அரசாங்கம் காப்பாத்தியே தீரணும்.

நம்ம குழுவிலயே பாருங்க. யார் எவ்வளவு கடன் வாங்கினாங்க, எத்தனை தவணை பாக்கின்னு கூட்டத்துல வாசிச்சுத் தீர்மானப் புத்தகத்துல கையெழுத்து வாங்கறோம். அதுல ஒளிவுமறைவு கிடையாது. ஆனா ஒரு அக்கா எதுக்காக அவசரமாப் பணம் கேட்டாங்க, வீட்டுல என்ன பிரச்சனைங்கறதை வாசப்படி தாண்டிக் கொண்டுபோறதில்லை. கணக்கு பொது, கண்ணீர் சொந்தம். அரசாங்கத்துகிட்டயும் இதே வரப்பைத்தான் கேட்கறேன்.

நடக்கிறது என்னமோ தலைகீழா இருக்குதுங்க. ரோட்டு எஸ்டிமேட்டைக் கேட்டா ரகசியம். ஆனா நம்ம ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், போன் நம்பர் எல்லாம் எத்தனை மேசை மேல கிடக்குது! ஒரு இடத்துல கடனுக்கு விண்ணப்பம் கொடுத்தேன், அடுத்த வாரத்திலிருந்து யார் யாரோ "மேடம், லோன் வேணுமா?"ன்னு கூப்பிடறாங்க. என் பேரு, என் ஊரு எல்லாம் அவங்களுக்குத் தெரியுது. போண்டாக் கடையில கட்டித் தர்ற காகிதத்துல ஒருத்தரோட ஆதார் நகலையே பார்த்திருக்கேன்.

இதில ஒரு சிக்கலும் இருக்குது, மறைக்காமச் சொல்லிடறேன். தனிநபர் விவரத்தைப் பாதுகாக்க 2023-இல் நாடாளுமன்றத்துல ஒரு சட்டம் நிறைவேறுச்சு. நல்லதுதான். ஆனா அதே சட்டத்துல தகவல் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவையும் மாத்தி, தனிநபர் விவரம்னாலே மறுக்கலாம்ங்கற மாதிரி ஆக்கிட்டாங்க. கிராம வேலைத் திட்டத்துல சமூகத் தணிக்கை எப்படி நடக்குது? வேலை செஞ்சவங்க பேரு, நாள், கூலியை வாசிச்சாத்தான், "அந்த ஆளு செத்து ரெண்டு வருசமாச்சே, எப்படி வேலைக்கு வந்தாரு?"ன்னு கேட்க முடியும். பேரும் தனிநபர் விவரம்தான்னு மறுத்தா அந்தக் கேள்வியே வராது. பொதுநன்மை பெருசுன்னா கொடுக்கலாம்னு இன்னொரு பிரிவு இருக்குது, ஆனா பெருசா சின்னதான்னு முடிவு பண்றது அந்த அதிகாரி. என் யோசனை இதுங்க: பொதுப்பணம் எந்தப் பேருல போகுதோ, அந்தப் பேரும் தொகையும் வெளிய தெரியணும். அவங்க போன் நம்பர், ஆதார் நம்பர், நோய் நொடி, வீட்டு விவகாரம் எதுவும் தெரியக் கூடாது. மானியம் எனக்கு வந்திருந்தா என் பேரையும் கிராம சபையில வாசிக்கட்டும், நான் வெட்கப்பட மாட்டேன்.

சாப்பாட்டு நேரம் ஆச்சுன்னு பொருளாளர் அக்கா கைகாட்டறாங்க. மனு எழுதற மாதிரித் தாள் அம்பது நகல் எடுத்து வாசல் மேசையில வெச்சிருக்கேன். பொதுத் தகவல் அலுவலர்னு மேல எழுதி, கீழ உங்க முகவரி, தேதி, கையெழுத்து. கேள்வியைச் சுருக்கமா, ஒண்ணு ரெண்டு நம்பர் போட்டு எழுதுங்க. ஸ்பீடு போஸ்ட்டில அனுப்பி, ரசீதைக் குழு நோட்டுலயே ஒட்டி வெச்சுடுங்க. எழுதத் தெரியாதவங்க யாராச்சும் இருந்தா சாப்பிட்டு முடிச்சதும் வாங்க, நான் எழுதித் தர்றேன்.